எண்ணப்படாத ரசிகர்கள்

போளூரில் எங்கள் தெருவுக்கு காமிக்ஸ் இரண்டு வழிகளில் வந்தது. ஒன்று சலூன், இன்னொன்று பழைய பேப்பர் கடை. ராணி காமிக்ஸின் முகமூடி வீரர் மாயாவியை நான் முதலில் பார்த்தது சலூன் பெஞ்சில்தான். அட்டை இருக்காது, கடைசி நாலு பக்கமும் இருக்காது. முடிவு என்ன என்பதை நாங்களே ஆளுக்கொன்றாகச் சொல்லிச் சண்டை போட்டுக்கொள்வோம். முத்து, லயன் இதழ்கள் எடைக்கு வந்து விழுந்தால் கடை அண்ணன் எங்களுக்காக எடுத்து வைப்பார். புது இதழ் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கிய நினைவே எனக்கு இல்லை. அன்றைக்கு யாராவது தமிழ் காமிக்ஸ் ரசிகர்களைக் கணக்கெடுத்திருந்தால் எங்கள் தெருவின் எண்ணிக்கை பூஜ்ஜியம். ஆனால், ஒரே இதழைப் பத்துப் பேர் மனப்பாடமாகச் சொல்லக்கூடிய தெரு அது.

இப்போது இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஏதாவது ஒரு சூப்பர் ஹீரோ காமிக்ஸுக்குப் புதிய எழுத்தாளர், புதிய ஓவியர் என்று அறிவிப்பு வந்தால் போதும், “ரசிகர்கள் கொதிப்பு” என்று ஒரு செய்தி கூடவே வந்துவிடும். புதிதாக வருகிறவர் கறுப்பினத்தவராகவோ பெண்ணாகவோ இருந்துவிட்டால் இன்னொரு வாக்கியமும் சேர்ந்துகொள்ளும்: “கதைக்குள் அரசியலைத் திணிக்கிறார்கள்.” இந்த இரண்டாவது வாக்கியத்துக்கு நாம் நிறையவே பதில் சொல்லியிருக்கிறோம். வெகுசனக் கதைகளின் வாசகர்களைப் பற்றி ஆய்வு செய்துகொண்டிருக்கும் எனக்கு முதல் வாக்கியம்தான் அதிகம் உறுத்துகிறது. யார் இந்த ரசிகர்கள்? இவர்களை எண்ணியது யார்?

அமெரிக்க சூப்பர் ஹீரோக்கள் பெரும்பாலும் எழுதுபவருக்கோ வரைபவருக்கோ சொந்தமில்லை, நிறுவனத்துக்குச் சொந்தம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எழுத்தாளரும் ஓவியரும் மாறுவார்கள், நாயகன் மட்டும் அப்படியே இருப்பான். அதனால் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் “இவன் யாருடையவன்” என்ற சண்டை புதிதாகத் தொடங்கும்.

அரசியல் இந்தக் கதைகளுக்குள் நேற்று வந்ததல்ல. ஜோ சைமன், ஜாக் கிர்பி என்ற இரண்டு யூத இளைஞர்கள் உருவாக்கிய கேப்டன் அமெரிக்கா, 1941 மார்ச் தேதியிட்ட தன் முதல் இதழின் அட்டையிலேயே ஹிட்லரின் முகத்தில் குத்துவிட்டான். அமெரிக்கா அப்போது போரில் இறங்கியிருக்கவில்லை. அரசியலை விலக்கி வைப்பதும் ஓர் அரசியல்தான். ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் உருவாக்கிய பிளாக் பேந்தர் 1966 ஜூலை இதழில் வெளிவந்தான். அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவில் பிளாக் பேந்தர் கட்சி தோன்றியது. இரண்டையும் யாரும் இணைத்துப் பார்த்துவிடக் கூடாது என்று 1972இல் மார்வெல் தன் நாயகனுக்குச் சிறிது காலம் ‘பிளாக் லெப்பர்ட்’ என்று பெயர் மாற்றிப் பார்த்தது. அதே 1972இல்தான் பம்பாயில் நாம்தேவ் தசாலும் ஜே.வி. பவாரும் ராஜா தாலேவும் தங்கள் இயக்கத்துக்குத் தலித் பேந்தர்ஸ் என்று பெயர் வைத்தார்கள். நிறுவனம் கூசி ஒதுக்கிய பெயரை பம்பாயின் தலித் இளைஞர்கள் எடுத்துச் சூடிக்கொண்டார்கள்.

அந்த நாயகனின் வரலாற்றில் முதல் பெரிய காயம் 1976இல் விழுந்தது. டான் மெக்ரெகர் எழுத, கறுப்பின ஓவியரான பில்லி கிரஹாம் பெரும்பகுதியை வரைந்த கதைகள் ‘ஜங்கிள் ஆக்‌ஷன்’ இதழில் வந்துகொண்டிருந்தன. அதற்கு முன்பு அந்த இதழ் வெள்ளைக்காரக் காட்டு வீரர்களின் பழைய கதைகளை மறுபதிப்புச் செய்துகொண்டிருந்தது. மெக்ரெகர் பிளாக் பேந்தரை அமெரிக்கத் தெற்குக்கு அழைத்துப்போய் கூ க்ளக்ஸ் க்ளானுக்கு எதிரே நிறுத்தினார். கதை முடிவதற்குள் இதழ் நிறுத்தப்பட்டது. 1977 ஜனவரி தேதியிட்டுப் புதிய இதழ் தொடங்கியது. அதைப் படைத்தவர் நாயகனை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜாக் கிர்பியேதான். ஆனால், க்ளான் கதை போன இடம் தெரியவில்லை. கதை காலப்பயணப் புதையலின் பின்னால் ஓடியது. மெக்ரெகரின் கதையை உயிராக நேசித்த வாசகர்களுக்குச் சொல்லப்பட்ட காரணம் விற்பனை. அதாவது, எண்ணிக்கை.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 2016 ஏப்ரலில், டா-நெஹாசி கோட்ஸ் எழுத, பிரையன் ஸ்டெல்ஃப்ரீஸ் வரைய, புதிய பிளாக் பேந்தர் வந்தது. கோட்ஸ் அதற்கு முன் காமிக்ஸ் எழுதியவரல்ல. அடிமை முறைக்கு அமெரிக்கா இழப்பீடு தர வேண்டும் என்று 2014இல் எழுதி நாட்டையே விவாதிக்க வைத்தவர். முதல் இதழுக்குக் கடைகள் கேட்ட பிரதிகள் இரண்டரை லட்சத்தைத் தாண்டின. ஆனால், கதையைப் படித்தவர்கள் திகைத்தார்கள். வகாண்டாவின் மன்னன் டிசாலா இதில் வெற்றிவீரனாக இல்லை. அவனுடைய மக்களே அவனுக்கு எதிராகக் கிளம்புகிறார்கள். அரண்மனைக் காவல்படையில் இருந்த இரண்டு பெண்கள் அதை விட்டு வெளியேறி, பெண்களை வதைப்பவர்களுக்கு எதிராக ஆயுதம் எடுக்கிறார்கள். பிறந்துவிட்ட ஒரே காரணத்துக்காக ஒருவன் எப்படி ஆளலாம் என்பதே கதையின் கேள்வி.

இது நமக்குப் பழகிய கேள்வி. சலூனில் நான் படித்த மாயாவியும் அப்பன், பாட்டன், முப்பாட்டன் வழியாக 21ஆம் தலைமுறையாக முகமூடி மாட்டிக்கொண்டவன்தான். ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் ஆப்பிரிக்கக் காட்டின் நீதியைப் பரம்பரை பரம்பரையாகக் கையில் வைத்திருந்தது. காட்டில் பிறந்தவர்கள் அவனுக்கு முரசு அடித்தார்கள். அதை நாங்களும் கைதட்டித்தான் படித்தோம்.

கோட்ஸுக்கு வந்த எதிர்வினைகள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. “அரசியல் வேண்டாம்” என்றவர்கள் ஒரு பக்கம். கதை நகரவில்லை, பாத்திரங்கள் யோசித்துக்கொண்டே இருக்கிறார்கள், சண்டை எங்கே என்று கேட்டவர்கள் இன்னொரு பக்கம். இது தொழில் சார்ந்த விமர்சனம், அதில் நியாயமும் இருந்தது. மூன்றாவது குரல்தான் எனக்கு முக்கியம். கறுப்பின வாசகர்கள் சிலரே கேட்டார்கள்: இத்தனை காலம் கழித்து நமக்கென்று தலைநிமிர்ந்த ஒரு மன்னன் இருக்கிறான், அவனைப் போய் ஏன் சந்தேகப்பட வைக்கிறாய்? இந்த வலியை ‘பிற்போக்கு’ என்று ஒரு சொல்லில் ஒதுக்க என்னால் முடியாது. ஆண்ட பரம்பரைப் பெருமை பேசும் மண்ணில், நமக்கும் ஒரு ராஜா வேண்டும் என்று தேடி அலைந்த நம் அண்ணன்களை நான் அறிவேன். “ரசிகர்கள் கொதிப்பு” என்ற ஒற்றை வாக்கியம் இந்த மூன்று குரல்களையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறது. மூட்டையின் மேல் ஒட்டப்படும் சீட்டில் முதல் குரல் மட்டுமே இருக்கும்.

அடுத்து நடந்ததுதான் மோசம். 2016 நவம்பரில் அந்த இரண்டு காவல் பெண்களின் காதலைச் சொல்லும் தனித் தொடர் தொடங்கியது. எழுதியவர்கள் ராக்ஸேன் கே, யோனா ஹார்வி என்ற இரண்டு கறுப்பினப் பெண்கள். அது ஆறு இதழ்களோடு நின்றது. 2017இல் கோட்ஸும் ஹார்வியும் எழுதிய இன்னொரு தொடர், ஹார்லெமில் போலீஸ் காவலில் இறந்துபோன ஒரு முதிய போராளியின் கதையில் தொடங்கியது. 2020இல் சாத்தான்குளத்தைப் பார்த்த நமக்கு அந்தக் கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை. அதையும் ஆறு இதழ்களோடு முடித்தார்கள். இரண்டுக்கும் காரணமாகக் காட்டப்பட்டது விற்பனைதான்.

அந்த விற்பனை எப்படி எண்ணப்படுகிறது என்று பாருங்கள். அமெரிக்காவில் மாத இதழ்கள் பெரும்பாலும் காமிக்ஸுக்கென்றே உள்ள தனிக் கடைகளில் விற்கின்றன. கடைக்காரர் இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே ஆர்டர் கொடுக்க வேண்டும். விற்காத பிரதிகளைப் பொதுவாகத் திருப்பித் தர முடியாது, நட்டம் அவருடையது. ஆகவே, அவர் தன் பழைய வாடிக்கையாளரின் முகத்தை நினைத்துத்தான் ஆர்டர் போடுவார். புதிய குழுவைத் தேடி வருகிற கல்லூரி மாணவியோ நூலகத்தில் காத்திருக்கும் பையனோ தொகுப்பு நூல் வந்த பிறகு வாங்குபவரோ அந்தக் கணக்கில் உரிய நேரத்தில் விழுவதில்லை. அவர்கள் வந்து சேர்வதற்குள் தொடருக்கு முடிவு எழுதப்பட்டுவிடும். 2018 பிப்ரவரியில் பிளாக் பேந்தர் திரைப்படம் வந்து உலகமெங்கும் 130 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அதே ஆண்டு, நிறுத்தப்பட்ட அந்தக் காவல் பெண்களின் தொடர், காமிக்ஸ் உலகின் பெரிய விருதான ஐஸ்னர் விருதை வென்றது. வாசகர்கள் இல்லாமல் போகவில்லை. எண்ணுகிற இடத்தில் அவர்கள் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் போளூர், ஆரணிப் பக்கத்தில் தறிக்குப் போனவர்களுக்கு இது நன்றாகப் புரியும். என் மாமா கூலிக்குப் பட்டு நெய்தார். பாவும் பட்டும் டிசைனும் முதலாளி கொடுப்பது. மாமாவுக்குப் புது வண்ணச் சேர்க்கை ஏதாவது தோன்றிச் சொன்னால், “கஸ்டமர் விரும்பமாட்டாங்கப்பா” என்ற பதில் வரும். கூலி உயர்வு கேட்டாலும் கஸ்டமர்தான் குறுக்கே வருவார்: “விலை ஏறினா கஸ்டமர் வாங்கமாட்டாங்க.” தறியில் உட்கார்ந்த முப்பது வருடத்தில் மாமா ஒரு கஸ்டமரையும் பார்த்ததில்லை. கஸ்டமரின் பெயரால் பேசியவரை மட்டும்தான் பார்த்தார்.

‘ரசிகர்’ என்பதும் அப்படி ஒரு சொல். நம் கிராமங்களில் ‘ஊர்’ என்ற சொல்லும் அப்படித்தான் இயங்குகிறது. ஊர்க்கூட்டம், ஊர்க்கிணறு, ஊர்முடிவு என்கிற எதிலும் காலனி இருந்ததில்லை. மகாத்தின் சவுதார் குளமும் காகிதத்தில் பொதுக்குளம்தான். 1927இல் பாபாசாகேப் அம்பேத்கரும் தோழர்களும் அதில் இறங்கித் தண்ணீர் அருந்திய பிறகுதான் அந்தப் ‘பொது’வுக்குள் யார் சேர்த்தியில்லை என்பதை ஊரே ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது.

கோட்ஸின் பிளாக் பேந்தர் வந்த அதே 2016இல், ஜூலை 22 அன்று, நம்முடைய சூப்பர் ஹீரோவுக்கும் புதிய குழு வந்தது. ‘மெட்ராஸ்’ எடுத்த பா. ரஞ்சித்தும் அவருடைய குழுவினரும் ரஜினியை வைத்து ‘கபாலி’ எடுத்தார்கள். “இது ரஜினி படமே இல்லை”, “மாஸ் இல்லை”, “தன் அரசியலை ரஜினி வாயில் திணித்துவிட்டார்” என்று எழுதினார்கள். ரசிகர்கள் ஏமாற்றம் என்று தலைப்பிட்டார்கள். நான் படம் பார்த்த தியேட்டரில், சிறையில் ரஜினி கையில் இருந்த ‘மை ஃபாதர் பாலய்யா’ என்ற புத்தகம் என்னவென்று எங்கள் வரிசையில் யாருக்கும் தெரியாது. தெலங்கானாவின் ஒரு தலித் குடும்பம் ரயில்வே வேலையும் படிப்பும் வழியாக எழுந்து வந்த கதையை ஒய்.பி. சத்தியநாராயணா எழுதியது அது. மறுவாரம் எங்கள் தெருப் பையன்கள் மூன்று பேர் என்னிடம் அந்தப் புத்தகம் கேட்டு வந்தார்கள். மூவரும் ரஜினிக்குப் பாலாபிஷேகம் செய்தவர்கள்தான். அந்த வார ‘ரசிகர்கள் ஏமாற்றம்’ செய்திகளில் அவர்கள் எங்கேயும் இல்லை.

இத்தோடு முடித்துக்கொண்டால் நமக்கு வசதியாக இருக்கும். ஆனால், நாமும் ஒரு ‘பொது’வை உண்டாக்கினோம். கபாலி, காலா விவாதங்களில் திரைக்கதை தொய்கிறது என்றவரையும் சாதிவெறியர் பட்டியலில் சேர்த்தோம். பெண் பாத்திரங்களைப் பற்றி நம் பெண் தோழர்கள் கேள்வி கேட்டபோது, “இப்ப இது வேணாம் தோழர், எதிரிக்கு வசதியாகிடும்” என்றோம். அதைச் சொன்னவர்களில் நானும் ஒருவன். டிசாலாவைச் சந்தேகப்படாதே என்றவர்களின் வலி எனக்குப் புரிந்ததற்குக் காரணம் இதுதான். ஆனால், அந்த இரண்டு காவல் பெண்களின் கதை ஆறு இதழ்களில் நின்றதை ஆய்வுக்காகப் படித்தபோது, நாங்கள் தடுத்த கேள்விகளும் சேர்ந்தே நினைவுக்கு வந்தன. நம் நாயகன் வந்துவிட்டான் என்பதற்காகக் கேள்விகளை நிறுத்தினால், மாறியிருப்பது ஊடை மட்டும்தான், பாவு பழையதே.

என்ன செய்யலாம்? முதலில், “ரசிகர்கள் கோபம்” என்று யார் சொன்னாலும் எந்த ரசிகர்கள், எங்கே எண்ணினீர்கள் என்று கேட்போம். இரண்டாவது, எண்ணுகிற இடத்தில் போய் நிற்போம். தமிழ் காமிக்ஸ் இன்று சந்தாவையும் புத்தகக் காட்சியையும் நம்பித்தான் வாழ்கிறது. ஆண்டுச் சந்தாவை ஒரே தவணையில் கட்ட முடிந்தவரின் விருப்பமே அங்கே கனமாக விழும். தனியாக முடியாவிட்டால் பத்துப் பேர் சேர்ந்து இரவுப் பாடசாலையின் பெயரில் ஒரு சந்தா கட்டலாம். கிளை நூலகத்தில் வேண்டிய நூலை எழுத்தில் கேட்கலாம். பிடித்ததையும் பிடிக்காததையும் பதிப்பாளருக்கு எழுதலாம். எங்கள் தெருவிலிருந்து அப்படி ஒரு கடிதமும் போனதில்லை. எழுதலாம் என்றே எங்களுக்குத் தோன்றியதில்லை.

மூன்றாவது, நம் பிள்ளைகளுக்கு நோட்டும் பென்சிலும் கொடுப்போம். கடைசி நாலு பக்கம் கிழிந்த புத்தகங்களுக்கு சலூன் பெஞ்சில் நாங்கள் சொன்ன முடிவுகளில் பாதி அசல் முடிவைவிட நன்றாக இருந்திருக்கும். ஒன்றையும் நாங்கள் எழுதி வைக்கவில்லை.