துடைத்தால் மட்டும் போதுமா?

மழைக்காலம் வந்துவிட்டால் வடபழனித் தெருக்களில் மாநகராட்சி ஊழியர்கள் கொசு மருந்துப் புகை அடிப்பதைப் பார்க்கிறோம். இரண்டு நாள் கொசு குறைகிறது. மூன்றாம் நாள் மீண்டும் மொய்க்கிறது. காரணம் யாவரும் அறிந்ததே. மொட்டை மாடியில் கிடக்கும் பழைய டயரிலும் மூடாத தொட்டியிலும் நீர் தேங்கி நிற்கும் வரை புகை என்ன செய்யும்? இணையதளத்தைப் பற்றி எழுதப் புகுந்த நாங்கள் கொசுவைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்கலாம். இரண்டும் ஒரே கதைதான்.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தந்தை, ஆற்காடு சாலைக்கு அருகில் நாட்டிய உடைகளும் நகைகளும் வாடகைக்குக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறார். பள்ளி ஆண்டு விழாக் காலத்தில்தான் அவருக்கு வியாபாரம். சென்ற ஆண்டு அவருடைய கடையின் இணையதளத்தைத் திறந்தால் சூதாட்ட விளம்பரம் வருகிறது என்று சிலர் தொலைபேசியில் சொன்னார்கள். அவர் தம் கணினியில் திறந்து பார்த்தார்; எல்லாம் சரியாகவே இருந்தது. பொறாமையால் யாரோ கிளப்பிய புரளி என்று விட்டுவிட்டார். தேடுபொறி வழியாக வரும் புதியவர்களை மட்டும் திசைதிருப்பி, உரிமையாளர் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ளும் தீநிரல்கள் உண்டு என்பதை அவர் அறிந்திருக்கவில்லை.

சில நாட்களில், தளத்தைத் திறப்பவருக்கெல்லாம் ஆபத்து என்னும் சிவப்பு எச்சரிக்கை தோன்றியது. மூன்று முறை பணம் கொடுத்துச் சுத்தம் செய்தார். மூன்று முறையும் தீநிரல் திரும்பி வந்தது. வழக்கமாக வரும் பள்ளிகள் வேறு கடைக்குப் போயின. எங்கள் தோழியின் டியூஷன் நின்றது. மதிய உணவு இடைவேளையில் அவள் அழுததைக் கண்ட பிறகே நாங்கள் இதைப் பற்றிப் படித்தறிய முற்பட்டோம்.

நான்காம் முறை வந்தவர் பொறுமையாகத் தேடினார். விலை கொடுத்து வாங்க வேண்டிய வடிவமைப்பின் திருட்டுப் பதிப்பை எங்கிருந்தோ இலவசமாக எடுத்துத்தான் அந்தத் தளம் அமைக்கப்பட்டிருந்தது. கள்ளச்சாவி அதற்குள்ளேயே இருந்தது. படங்கள் மட்டுமே இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நிரல். யாருக்கும் தெரியாத பெயரில் ஒரு நிர்வாகி. அழித்ததை எல்லாம் குறித்த நேரத்தில் மறுபடி எழுதிவைக்கும் ஒரு கட்டளை. முன்பு வந்தவர்கள் கண்ணில் பட்ட அழுக்கைத் துடைத்தார்கள். திருடன் வந்த வழியைத் தேடவில்லை.

ஆகவே எங்கள் கருத்து இதுதான்: வழியை அடைக்காத சுத்தம் சுத்தமே அன்று. பாதிக்கப்பட்ட கோப்புகளை வருடிக் கொண்டிராமல், அவற்றை நீக்கிவிட்டு மூலப் பதிப்பைப் புதிதாக நிறுவ வேண்டும். தளம், தரவுத்தளம், வாடகைக் கணினி ஆகிய எல்லாவற்றின் பாஸ்வேர்டுகளையும் மாற்ற வேண்டும். நிர்வாகம் செய்யும் நம் சொந்தக் கணினியையும் சோதிக்க வேண்டும். அதில் வைரஸ் இருந்தால் புதிய பாஸ்வேர்டும் களவு போகும். ஒரே கணக்கில் வேறு தளங்கள் இருந்தால் அவற்றையும் பார்க்க வேண்டும். பாதிப்புக்கு முந்தைய நகல் ஒன்று வேறோர் இடத்தில் இருப்பது பேருதவி.

“இந்தச் சின்னக் கடையை யார் தாக்கப் போகிறார்?” என்று பலர் நினைக்கிறார்கள். தாக்குவது பெரும்பாலும் மனிதன் அன்று, இயந்திரம். அது கடையின் பெயரைப் பார்ப்பதில்லை. புதுப்பிக்காத மென்பொருள் எங்கே என்று மட்டுமே பார்க்கிறது. 2017 மே மாதம் ‘வான்னாக்ரை’ என்னும் தீநிரல் ஏறத்தாழ 150 நாடுகளில் பரவியது. இங்கிலாந்து மருத்துவமனைகள் தடுமாறின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. இரண்டு மாத அசட்டைக்கு எவ்வளவு பெரிய விலை!

மற்றொன்றும் கூற வேண்டும். இப்படி நேர்ந்ததை வெளியில் சொல்லப் பலரும் வெட்கப்படுகிறார்கள். 2019 அக்டோபர் 29 அன்று, கூடங்குளம் அணுமின் நிலையத்தில் இணையத் தாக்குதலுக்கு இடமே இல்லை என்று அறிக்கை வந்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம், தன் கணினியில் தீநிரல் காணப்பட்டது உண்மை என்றும், செர்ட்-இன் அமைப்பு செப்டம்பர் 4 அன்றே தகவல் தந்தது என்றும் தெரிவித்தது. பாதிக்கப்பட்டது நிர்வாகப் பணிக்கான, இணையத்தோடு இணைந்த கணினி. முக்கியமான உள்வலையிலிருந்து அது பிரித்து வைக்கப்பட்டிருந்தது என்றும் விளக்கியது. இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. முக்கியமானதைத் தனியே வைத்தால் சேதம் பரவாது; மறைப்பதால் நம்பிக்கை குறையுமே தவிரக் கூடாது.

உதவி கேட்கவும் இடம் உண்டு. செர்ட்-இன் 2004 முதல் இயங்கி வருகிறது. 2017இல் தொடங்கப்பட்ட சைபர் ஸ்வச்தா கேந்திரா, கணினியிலுள்ள தீநிரலை நீக்கும் கருவிகளை இலவசமாகவே தருகிறது. இலவசம் வேண்டுமானால் இத்தகைய நேர்மையான இலவசம் இருக்கிறதே!

தளத்தை அமைத்தவர் மேல் மட்டும் பழி போடுவது நியாயமா? “எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவு குறைவாகச் செய்து கொடு” என்று கேட்டவருக்கும் அதில் பங்கு உண்டு. இதைத் தோழியின் தந்தையே ஒப்புக்கொண்டார்; அவருடைய அனுமதியுடன்தான் எழுதுகிறோம். இப்போது அவர் வாரம் ஒரு முறை, கடையைப் பெருக்குவது போலவே, புதுப்பிப்புகளைப் பார்க்கிறார். நகல் எடுத்து வைக்கிறார். இந்த ஆண்டு விழாவுக்கு எங்கள் கும்மி நடனத்துக்கான உடைகள் அவர் கடையிலிருந்துதான் வருகின்றன.

தோழியரே, நாமும் திருட்டு விளையாட்டுகளையும் திரைப்படங்களையும் இறக்கிக் கொள்கிறோம். பாஸ்வேர்டைத் தோழிக்குச் சொல்வதை அன்பின் அடையாளம் என்று நினைக்கிறோம். நம் வீட்டு மாடியிலும் நீர் தேங்கியிருக்கிறதா என்று முதலில் பார்ப்போம். புகையைப் பிறகு அடிக்கலாம்.