இரும்புப் பெட்டியை எறியாதீர்கள்; திறக்கவும் செய்யாதீர்கள்



மின்னணுவியலில் கை வைத்துப் பார்க்க விரும்பும் ஒருவருக்கு முதலில் குறுக்கே நிற்பது எது? டிரான்சிஸ்டரா? டையோடா? இரண்டும் அன்று. அவை சில ரூபாய்க்குக் கிடைக்கின்றன. அவற்றை இயக்க வேண்டிய மின்சாரம்தான் இடையூறு. 9 வோல்ட் சிறு மின்கலம் ஒன்றை வாங்கி, பொம்மை மோட்டார் ஒன்றை அதனோடு இணைத்துப் பாருங்கள். ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. நான்காவது மின்கலம் வாங்கக் காசு கேட்கும்போது வீட்டில் என்ன பதில் கிடைக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

நாமக்கல் மாவட்டத்தில் கொல்லிமலையின் அடிவாரத்தில் முள்ளுக்குறிச்சி என்ற ஊர் இருக்கிறது. மலைக்கு ஏறும் சாலைகளுள் ஒன்று இவ்வூர் வழியாகச் செல்கிறது. இங்குள்ள ஒரு மாணவர் தடையோ டையோடோ வாங்க வேண்டுமானால் ராசிபுரத்துக்கோ சேலத்துக்கோ பஸ் ஏற வேண்டும். மலைமேல் உள்ள ஊர்களிலிருந்து வருபவருக்கு இது ஒரு நாள் வேலை. ஆனால் அவருக்குத் தேவையான மிகச் சிறந்த மின்வழங்கி ஒன்று பெரும்பாலும் ஊரிலேயே கிடக்கிறது. பள்ளியின் சாமான் அறையில், ஜெராக்ஸ் கடையின் மூலையில், பழைய இரும்புக் கடையில் தூசி படிந்து கிடக்கும் கணிப்பொறிகளைத்தான் சொல்கிறேன். கணிப்பொறி பழையதாகிப் போனாலும், அதனுள் இருக்கும் மின்வழங்கி என்ற இரும்புப் பெட்டி பல நேரங்களில் நல்ல நிலையிலேயே இருக்கும். அதை எடைக்குப் போடுவது பெரிய வீண் என்பது என் கருத்து. அதைவிடப் பெரிய தவறு ஒன்றும் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்தப் பெட்டி என்ன செய்கிறது? வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றுகிறது. இதைத்தானே நம் ஆய்வுக்கூடத்துப் பேட்டரி எலிமினேட்டரும் செய்கிறது என்பீர்கள். உண்மைதான். ஆனால் எலிமினேட்டரைத் தூக்கிப் பாருங்கள், கனக்கும். அது தருவதோ பெரும்பாலும் ஓரிரு ஆம்பியர். கணிப்பொறியின் பெட்டி அதைப் போலப் பல மடங்கு தரும்; எடையோ ஒன்றிரண்டு கிலோவுக்குள் அடங்கிவிடும். இது எப்படி?

ஃபாரடேயின் விதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கம்பிச்சுருளில் தூண்டப்படும் மின்னழுத்தம், காந்தப் பாயம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைப் பொறுத்தது. நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை மட்டுமே அலைகிறது. இந்த மெதுவான மாற்றத்திலிருந்து வேண்டிய மின்னழுத்தத்தைப் பெற நிறைய இரும்பும் நிறையச் சுற்றுகளும் தேவை. அதே பாயத்தை நொடிக்குப் பல பத்தாயிரம் முறை மாற்றினால்? கைக்குள் அடங்கும் ஃபெரைட் துண்டு போதும். ஆகவே இப்பெட்டி முதலில் 230 வோல்ட்டை அப்படியே நேர்மின்சாரமாக்குகிறது. 230 என்பது சராசரி வர்க்கமூல மதிப்பு. அதன் உச்சம் சுமார் 325 வோல்ட். இந்த 325 வோல்ட்டைப் பெரிய மின்தேக்கிகளில் தேக்கி, டிரான்சிஸ்டர்களைச் சாவிபோல் திறந்து மூடி, துண்டு துண்டாக நறுக்குகிறது. நறுக்கியதைச் சிறு மின்மாற்றிக்குள் செலுத்தி, வேண்டிய அளவுக்குக் குறைத்து, மீண்டும் நேராக்கித் தருகிறது. 1977-இல் வெளிவந்த ஆப்பிள் 2 கணிப்பொறியிலேயே இந்த முறை இருந்தது. இன்று உங்கள் வீட்டுக் கைப்பேசி சார்ஜருக்குள் இருப்பதும் இதன் தம்பிதான்.

பெரிய தவறு என்று சொன்னேன் அல்லவா? பெட்டியைத் திறப்பதுதான் அது. பழைய மின்வழங்கியை ஆய்வு மேசைக்கு ஏற்றதாக மாற்றுவது எப்படி என்று காட்டும் காணொளிகள் பல உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை மூடியைக் கழற்றி, இரும்புத் தகட்டில் துளையிட்டு, அதிலேயே முனைகளைப் பொருத்தச் சொல்கின்றன. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் பள்ளி மாணவர் செய்யத் தக்க வேலை அன்று. ஒரு கணக்குப் போடுவோம். உள்ளே 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கிகள் இரண்டு தொடராக இருப்பதாகக் கொள்ளுங்கள். கூட்டு மின்தேக்குதிறன் 235 மைக்ரோஃபாரட். 325 வோல்ட்டில் அதில் தங்கும் ஆற்றல், அரை சி.வி. வர்க்கம் என்ற சூத்திரப்படி, சுமார் 12 ஜூல். ஒரு கிலோ எடையை இடுப்பு உயரத்துக்குச் சற்று மேலே தூக்கும் ஆற்றல்தானே என்று எண்ணாதீர்கள். அது நொடியின் சிறு பகுதியில் மார்பின் வழியே பாயுமானால் உயிருக்கே ஆபத்து. மின்சாரத்தை நிறுத்திய பிறகு இந்த மின்னூட்டத்தை வடித்துவிட உள்ளே தடைகள் உண்டு. அவற்றுள் ஒன்று பழுதாகியிருந்தால், பிளக்கைப் பிடுங்கிய பின்னும் மின்தேக்கி காத்துக்கொண்டிருக்கும். துளையிடும்போது சிந்தும் இரும்புத் தூளால் வரும் கேடு தனி.

திறக்க வேண்டிய தேவையும் இல்லை. வேண்டியவை எல்லாம் கம்பிக் கற்றையாக வெளியே வந்துவிட்டன. ஒரு பலகையில் முனைகளைப் பொருத்தி, கம்பிகளை அங்கே கொண்டுவந்து திருகுங்கள். பெட்டி பலகைக்குப் பின்னால் மூடியபடியே இருக்கட்டும். நம் ஆய்வுக்கூடங்களில் மீட்டர் பாலம் தொடங்கி எல்லாமே பலகையில்தானே இருக்கின்றன!

1995-இல் வந்த ஏ.டி.எக்ஸ். என்ற பொது அமைப்பு கம்பிகளுக்கு நிறம் வகுத்தது. மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5, ஆரஞ்சு 3.3. கறுப்பு பொதுமுனை. நீலம் மைனஸ் 12 வோல்ட்; அதில் மிகக் குறைந்த மின்னோட்டமே கிடைக்கும். ஊதாவில், பிளக்கைச் செருகியதுமே 5 வோல்ட் வந்துவிடும். பச்சைக் கம்பிதான் சாவி. அதைக் கறுப்போடு இணைத்தால் பெட்டி விழித்துக்கொள்ளும், விசிறி சுழலும். இந்த இரண்டு கம்பிகளுக்கிடையே ஒரு சிறு சுவிட்சைப் பொருத்தினால் போதும். ஆனால் நிறத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். சில நிறுவனங்கள் தமக்கென வேறு வரிசையில் கம்பி இணைத்ததும் உண்டு. பல்மானியால் ஒவ்வொன்றையும் அளந்த பிறகே பலகையில் எழுதுங்கள். பழைய பெட்டிகள் சில, சுமை ஏதும் இல்லாவிட்டால் ஒழுங்காக ஓடா. சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே 10 ஓம், 10 வாட் தடை ஒன்றை நிரந்தரமாக வையுங்கள். அரை ஆம்பியர் பாயும், இரண்டரை வாட் வெப்பம் வரும். கை படாத இடத்தில் இருக்கட்டும்.

"5 வோல்ட் என்ன செய்துவிடும்?" என்று கேட்கும் மாணவர்களை நான் கல்லூரியிலேயே பார்க்கிறேன். உங்கள் தோலுக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் பெட்டியின் மேல் ஒட்டியுள்ள சீட்டைப் படியுங்கள். 5 வோல்ட்டுக்கு எதிரே 20 ஆம்பியர், அதற்கு மேலும்கூட எழுதியிருக்கும். முழுக் குறுக்குச் சுற்று ஏற்பட்டால் பெட்டி தானாக நின்றுவிடும் என்பது சரி. உங்கள் சுற்றில் ஏதோ ஒரு பிழையால் 8 ஆம்பியர் பாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்டிக்கு அது பிழையே அன்று, அன்றாட வேலை. 5 வோல்ட்டை 8 ஆம்பியரால் பெருக்கினால் 40 வாட். நாம் பற்றவைக்கும் சால்டரிங் இரும்பே 25 வாட்தான்! மெல்லிய கம்பியின் பிளாஸ்டிக் உறை உருகிப் புகையும்; பக்கத்தில் தாளிருந்தால் பற்றும். ஆகவே ஒவ்வொரு முனைக்கும் 1 ஆம்பியர் ஃப்யூஸ் போடுங்கள். மஞ்சள் கம்பிக்கு, தொடராக ஒரு 12 வோல்ட் 21 வாட் வண்டி பல்பையும் வைக்கலாம். பிழை நேர்ந்தால் பல்பு பளிச்சென எரிந்து, மின்னோட்டத்தை 2 ஆம்பியருக்குள் பிடித்து நிறுத்தும். இழை சூடேறும்போது அதன் தடை உயர்வதே காரணம். ஓம் விதிக்கு உட்படாத ஒரு பொருள் காவல்காரனாக நிற்பதை நீங்களே காணலாம்.

அடுத்தது மூன்றாவது முள். கிராமத்து வீடுகளில் இதை வெறும் அலங்காரமாக நினைக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. நில இணைப்பே இல்லாமல் மூன்று துளை மட்டும் வைத்த சாக்கெட்டுகளை எத்தனையோ இடங்களில் காணலாம். இப்பெட்டிக்குள் மின்கம்பிகள் இரண்டிலிருந்தும் இரும்பு உறைக்குச் சிறு மின்தேக்கிகள் உண்டு, மின்னிரைச்சலை வடிகட்ட. நில இணைப்பு இல்லாவிட்டால் இவ்விரண்டும் மின்னழுத்தத்தைப் பங்கிட்டு, உறையைச் சுமார் 115 வோல்ட்டில் நிறுத்திவிடும். கறுப்புக் கம்பி உறையோடு இணைந்தது. அப்படியானால் உங்கள் பலகையில் உள்ள சுற்று முழுவதுமே 115 வோல்ட்டில் மிதக்கும். பாயும் மின்னோட்டம் மிகச் சிறியது. 4.7 நானோஃபாரட் மின்தேக்கியின் வழியே 230 வோல்ட்டில் சுமார் 0.34 மில்லிஆம்பியர்தான். சுருக்கென்று எறும்பு கடித்தாற்போல் இருக்கும். ஆனால் அந்த மின்தேக்கிகளுள் ஒன்று பழுதாகிவிட்டால் எறும்பு பாம்பாகிவிடும். தொடும்போது சுருக்கென்றால், பெட்டி கெட்டதென்று எண்ணாமல் முதலில் சாக்கெட்டைச் சந்தேகியுங்கள். மின்பணியாளரைக் கொண்டு நில இணைப்பைச் சோதித்த பிறகே வேலையைத் தொடருங்கள்.

சில பெட்டிகளின் பின்புறம் 115, 230 என்று எழுதிய சிவப்புச் சுவிட்சு ஒன்றிருக்கும். அது 230-இல் நிற்க வேண்டும். 115-இல் வைத்து நம் சாக்கெட்டில் செருகினால், உள்ளிருக்கும் சுற்று மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்கி 650 வோல்ட்டுக்கு ஏற்ற முனையும். மின்தேக்கி வெடிக்கும். சுவிட்சின் மேல் நாடா ஒட்டிவிடுங்கள்.

இவ்வளவு எச்சரிக்கை தேவைப்படும் பொருளை மாணவர் கையில் ஏன் கொடுக்க வேண்டும் என்று ஆசிரியர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. என் பதில் இது. தாமிர சல்பேட் கரைசலில் 1 ஆம்பியரை அரை மணி நேரம் செலுத்தினால் எதிர்முனையில் 0.59 கிராம் தாமிரம் படியும் என்று நாம் பாடம் நடத்துகிறோம். உலர் மின்கலத்தை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் மாறாத 1 ஆம்பியரை எடுக்க முடியுமா? பாதி வழியில் தளர்ந்துவிடும். மாணவர் ஃபாரடேயைச் சந்தேகிப்பார். இந்தப் பெட்டியோடு ஒரு தடைமாற்றியும் அம்மீட்டரும் இருந்தால், முள்ளுக்குறிச்சிப் பள்ளியிலும் அந்த 0.59 கிராமைத் தராசில் காணலாம். மின்காந்தம் செய்யலாம், மோட்டாரைச் சுழற்றலாம், நாற்றங்காலின் ஈரம் காய்ந்ததும் மணியடிக்கும் சுற்றை நாள் முழுதும் ஓட விடலாம். செலவோ பலகை, முனைகள், ஃப்யூஸ்களோடு சரி.

பள்ளிக் கணிப்பொறி அரசின் சொத்து. மாணவரோ ஆசிரியரோ கழற்றிக்கொண்டு போக முடியாது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், இத்தகைய கழிவு பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர வேண்டும் என்பதை நோக்கமாகக் கொண்டவை. ஆனால் ஓடும் நிலையில் உள்ள மின்வழங்கி இன்னும் கழிவாகவில்லையே! தலைமை ஆசிரியரின் அனுமதியோடு, கணிப்பொறி அறையின் பதிவேட்டிலிருந்து இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் இருப்புப் பதிவேட்டுக்கு அதை மாற்றி எழுதினால் என்ன? பொருள் பள்ளியை விட்டுப் போகவில்லை, மாணவரும் ஆசிரியரின் கண்முன் வேலை செய்கிறார். சொந்தமாக வேண்டும் என்பவர் கடைக்காரரிடம் கேட்டு வாங்கலாம். ஆனால் முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது விவரம் தெரிந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இப்பெட்டி எல்லாவற்றுக்கும் ஏற்றதன்று. வானொலிச் சுற்று கட்டுபவர்கள் மின்கலத்தையே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நடக்கும் நறுக்கல் வேலையின் இரைச்சல் மத்திய அலைவரிசை வரை பரவி, பாட்டுக்குப் பதில் சீற்றத்தைத் தரும். 12 வோல்ட் ஈய-அமில மின்கலத்தை இதனால் சார்ஜ் செய்ய முயலாதீர்கள், அதற்கு 13.8 வோல்ட்டாவது வேண்டும், இதில் இருப்பதோ 12. மின்வெட்டு நேரத்தில் இதுவும் உங்களோடு இருட்டில்தான் உட்கார்ந்திருக்கும். மலைப்பக்கத்தில் இடி கேட்கத் தொடங்கினால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கி வையுங்கள்.