நாமா? நாங்களா?

பிலிப்பைன்ஸ் நாட்டு மொழிக்கும் தமிழுக்கும் உறவில்லை. ஆயினும் ஓர் ஒற்றுமை உண்டு. கேட்போரையும் சேர்த்துச் சொல்ல ‘நாம்’ என்கிறோம். விலக்கிச் சொல்ல ‘நாங்கள்’ என்கிறோம். அங்கே முன்னது ‘தாயோ’, பின்னது ‘காமி’!

இலக்கணம் உணர்ந்த வேற்றுமையை ஆள்வோர் உணர்ந்தார்களா? தகாலோக் மொழியே தேசிய மொழிக்கு அடிப்படை என்று 1937-இல் குடியரசுத் தலைவர் கேசோன் அறிவித்தார். செபுவானோ பேசுவோர் மனங்கசந்தனர். 1959-இல் ‘பிலிப்பினோ’ என்று பெயர் சூட்டினர். பெயர் மாறிற்று, பேச்சு மாறிற்றா?

நாட்டின் பிற மொழிகளாலும் அது வளம்பெற வேண்டும் என்றது 1987-ஆம் ஆண்டு அரசியல் சட்டம். நல்ல சொல்! நடந்ததென்ன? இளஞ்சிறார்க்குத் தாய்மொழிவழிக் கல்வி தந்தது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். அது கட்டாயமில்லை என்றாக்கிற்று 2024-ஆம் ஆண்டுச் சட்டம். மீண்டும் பிலிப்பினோவும் ஆங்கிலமும் பயிற்றுமொழிகள். வட்டார மொழிகள் வெறும் துணைமொழிகளாம்!

செபுத் துறைமுகத்தில் மூட்டை சுமப்பவனின் குழந்தை செய்த குற்றமென்ன? பொதுமொழி வேண்டாம் என்பதல்ல நம் வாதம். வீட்டுமொழியைப் பள்ளி வாயிலில் நிறுத்திவிட்டு, ‘தாயோ’ என்று ஆயிரம் முறை அழைத்தாலும், அக்குழந்தையின் காதில் விழுவது ‘காமி’தான்!