மூக்கால் அளக்கும் சுத்தம்

"உள்ளே நுழைஞ்சதுமே மருந்து வாசனை வருது பாருங்க, எவ்வளவு சுத்தமா வச்சிருக்காங்க!"

பித்தப்பை அறுவைச் சிகிச்சைக்காக என் சித்தியைச் சேர்த்திருந்த மருத்துவமனையில், பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வந்த உறவினர் இப்படி மெச்சிக்கொண்டிருந்தார். அதே நேரத்தில் ஒரு அம்மா வாளியை நகர்த்தி நகர்த்தி வார்டைத் துடைத்துக்கொண்டு வந்தார். வாளித் தண்ணீர் கறுத்துக் கிடந்தது. கழிப்பறை வாசலைத் துடைத்த அதே மாப்புதான் எங்கள் கட்டிலுக்கு அடியிலும் புகுந்தது. நெடிக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

பினாயில் நெடி வந்தால் கிருமி போய்விட்டது, நெடி ஏற ஏறப் பாதுகாப்பும் ஏறும் என்ற நம்பிக்கை நம் ஊரில் எப்படியோ ஊறிவிட்டது. நாம் மெச்சும் வெள்ளைப் பினாயிலின் மணம் பெரும்பாலும் பைன் எண்ணெயுடையது. அது கிருமியின் சாவுச் சான்றிதழ் இல்லை. வீட்டுத் திண்ணையில் இந்த நம்பிக்கையால் பெரிய நஷ்டம் வராது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் குடியேறிவிட்ட மருத்துவமனையில் இது ஆளையே கொல்லும்.

குளோரின் கரைசலை எடுத்துக்கொள்வோம். அது கிருமியைக் கொல்லும், சந்தேகமில்லை. ஆனால் ரத்தம், சளி, அழுக்கு என்று எது எதிர்ப்பட்டாலும் அதோடு மல்லுக்கட்டித் தன் வீரியத்தைச் செலவழித்துவிடும். அதனால்தான் முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கை எடு, பிறகு சரியான அளவில் கலந்த மருந்தைப் போடு, போட்ட இடத்தைச் சில நிமிடமாவது ஈரமாக விடு என்கிறார்கள். கலந்த கரைசல் நாள் முழுக்க அதே வலுவோடு இருப்பதும் இல்லை. மூன்று வார்டு துடைத்த வாளியில் மிஞ்சுவது வாசனை மட்டும்தான். அளவைச் சொல்லிக்கொடுக்காமல் ஒப்பந்தத் தொழிலாளியின் கையில் கேனைத் திணித்தால், அவர் குத்துமதிப்பாகத்தான் ஊற்றுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேனைக் கொடுத்தவர்கள் பதில் சொல்லட்டும்.

வலுக்குறைந்த மருந்தில் தப்பிய கிருமி சும்மா இருப்பதில்லை, பழகிக்கொள்கிறது. பென்சால்கோனியம் குளோரைடு என்ற கிருமிநாசினிக் கரைசலில் பஞ்சை ஊறப்போட்டு வைத்த ஜாடிக்குள்ளேயே சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வளர்ந்து நோயாளிகளைத் தொற்றிய கதைகள் 1950களிலிருந்தே மருத்துவ இதழ்களில் பதிவாகி வருகின்றன. சில ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியா வகைகளிடம், உள்ளே வரும் கிருமிநாசினியை வெளியே இறைத்துத் தள்ளும் பம்புக்கான மரபணுவே இருக்கிறது. ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் மரபணுக்களும் பல வேளைகளில் கிருமிகள் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளும் அதே பிளாஸ்மிட் என்ற டிஎன்ஏ வளையத்தில் கூடவே பயணம் செய்கின்றன.

இங்கிலாந்தின் போர்ட்டன் டவுன் ஆய்வாளர்கள் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவைக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக்குச் சிறுகச் சிறுகப் பழக்கிப் பார்த்தார்கள். பழகியவற்றில் சில கொலிஸ்டினுக்கும் அடங்காமல் போயின. கொலிஸ்டின், ஐசியூ மருத்துவர்கள் கடைசி ஆயுதமாக எடுக்கும் ஆன்டிபயாடிக். 2010ல், ஆன்டிபயாடிக்கை முறிக்கும் என்டிஎம்-1 நொதியைப் பற்றி உலகை உலுக்கிய கட்டுரை லான்செட் குழும இதழில் வந்தபோது, அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. ஆராயப்பட்ட கிருமிகளில் சென்னையில் எடுத்தவையும் இருந்தன. கார்பாபெனம் வகை ஆன்டிபயாடிக்குகள் பலிக்காத அவற்றிடம், பெரும்பாலும் பலித்த ஓரிரு மருந்துகளில் ஒன்று கொலிஸ்டின். அதைப் பறிகொடுக்கும் வழியை வாளியில் கலக்கிக்கொண்டிருக்கிறோமோ என்பதுதான் என் பயம்.

அப்படியானால் கிருமிநாசினியே வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். சரியான அளவில், சுத்தம் செய்த பரப்பில், போதிய நேரம் விட்டால் இந்த முரட்டுக் கிருமிகளையும் அது கொல்கிறது. கேள்வி, எங்கே போடுகிறோம் என்பது. தரையை நோயாளி நக்கப்போவதில்லை. கட்டில் கம்பி, சலைன் ஸ்டாண்ட், மானிட்டர் பொத்தான், எல்லாவற்றுக்கும் மேலாக மருத்துவர், நர்ஸ் கைகள், இவைதான் கிருமியின் பேருந்து.

கையைக் கவனித்தால் என்ன நடக்கும் என்பது பழைய கதை. 1847ல் வியன்னா பொது மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், நம் பிளீச்சிங் பவுடரின் மூதாதையான குளோரின் சுண்ணாம்பைக் கரைத்தார். பிணப் பரிசோதனை முடித்துப் பிரசவ வார்டுக்கு வந்த மருத்துவர்களை அதில் கை கழுவச் சொன்னார். ஏப்ரலில் சுமார் 18 சதவீதமாக இருந்த தாய்மார் மரண விகிதம் ஜூனில் ஏறத்தாழ 2 சதவீதமானது. ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனைகளில் திதியே பித்தே என்ற மருத்துவர், கட்டிலருகே ஆல்கஹால் கரைசலை வைத்துக் கை சுத்தத்தை ஓர் இயக்கமாகவே நடத்தினார். 1994ல் 16.9 சதவீதமாக இருந்த மருத்துவமனைத் தொற்று 1998ல் 9.9 சதவீதத்துக்கு இறங்கியது.

என் சித்தி அங்கே ஐந்து நாள் இருந்தார். கட்டில் கம்பியை ஒருவரும் துடைத்து நான் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த சானிடைசர் டப்பா முதல் நாளிலிருந்தே காலி.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனால் மூக்கை மறந்துவிட்டு அந்த டப்பாவை அமுக்கிப் பாருங்கள். ஒன்றும் வரவில்லையென்றால் நர்ஸிடம் சொல்லுங்கள். "டாக்டர், தொடுறதுக்கு முன்னாடி கொஞ்சம் கையைச் சுத்தம் பண்ணிக்கிறீங்களா?" என்று கேட்கவும் கூச்சப்படாதீர்கள்.