தறி ஓடுதா பாஸ்?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் சீசன் மக்களே! ஓப்பன் சோர்ஸ்ல தேடுறோம், ஸ்டார் நிறைய இருக்கா பார்க்கிறோம், இறக்கிடுறோம். வைவாவுக்கு ரெண்டு நாள் முன்னாடி எரர் வரும். கேட்கலாம்னு போனா, அதே கேள்வியை யாரோ எப்பவோ கேட்டு, பதிலே இல்லாமத் தூங்கிட்டு இருக்கும்.

தமிழை வாய்விட்டுப் படிக்கிற 'இ-ஸ்பீக்' மென்பொருளையே எடுத்துக்குங்க. ஜொனாதன் டடிங்டன் எழுதினது. அதோட 1.48.04 வெர்ஷன் வந்தது 2014-ல். அப்புறம் அந்தப் பக்கம் அமைதி. ஆனா 2015 கடைசியில அதே கோடை எடுத்து 'இ-ஸ்பீக் என்.ஜி.'ன்னு ரீஸ் டன் தொடர்ந்தார். பார்வையற்றவங்க பயன்படுத்துற என்.வி.டி.ஏ. ஸ்கிரீன் ரீடர்ல வர்றது இந்த என்.ஜி.தான். பழைய பக்கத்தோட நின்னிருந்தா கோட்டை விட்டிருப்போம்.

அமைதியா இருந்தாலே 'அவுட்'டுன்னும் சொல்ல முடியாது. எங்க காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல ஒரு வீட்டுல தறிச் சத்தம் கேட்கலையா? புதுப் பாவோட இழைகளைப் பழசோட ஒவ்வொண்ணா முறுக்கிச் சேர்த்துட்டு இருப்பாங்க. கணக்குப் பேப்பர்களை அச்சுக்கோக்கிற டொனால்ட் னூத்தின் 'டெக்' மென்பொருள் 2014-க்கு அப்புறம் 2021-லதான் அப்டேட் ஆச்சு. முடிஞ்ச வேலை, அவ்ளோதான்!

சரி, சத்தம் கேட்டா நம்பிடலாமா? அங்கதான் ட்விஸ்ட். லினக்ஸ்ல ஃபைல் சுருக்குற 'எக்ஸ்.இசட்.'டை வருஷக்கணக்கா சம்பளமில்லாமப் பார்த்துக்கிட்டவர் லாஸ்ஸே காலின். மனசு சரியில்ல, இது சும்மா ஆர்வத்துல பண்றதுன்னு 2022-ல் அவரே எழுதினார். உதவிக்கு ஓடியோடி வந்த 'ஜியா டான்'தான் 5.6.0, 5.6.1 வெர்ஷன்கள்ல திருட்டு வாசல் வச்சது. லாகின் ஏன் அரை செகண்ட் லேட்டாகுதுன்னு ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் நோண்டப் போக, 2024 மார்ச்சில் குட்டு உடைஞ்சது. கமிட் கணக்கை மட்டும் பார்த்திருந்தா அன்னிக்கு எக்ஸ்.இசட். செம ஆக்டிவ்!

கோர்வைப் புடவை நெய்யத் தறியில ரெண்டு பேர் வேணும். இங்கேயும் முதல்ல தலையை எண்ணுங்க. புதுசா வந்த பத்து கேள்வியைத் திறங்க. பதில் சொல்றது ஒரே ஆளா, நாலு பேரா? வெளியாள் அனுப்பின திருத்தத்தைப் படிச்சுப் பார்த்துச் சேர்க்கிறாங்களா? ஒரே ஆள்தான்னா, அவர் நிறுத்திட்டா அந்தக் கோடை நீங்களே திருத்த முடியுமான்னு ஒரு நாள் உட்கார்ந்து பாருங்க. முடியலைன்னா வேற தேடுங்க. டைட்டில் கொடுக்கிறதுக்கு முன்னாடியே!