ஆப்பிரிக்காவுக்கு நாம் பட்டிருக்கும் கடன்



பதிவு கொஞ்சம் நீளம். என் அறிவியல் வகுப்பில் 45 நிமிடம் பொறுமையாக உட்கார்ந்தவர்கள் நீங்கள். இதற்கு ஒரு 10 நிமிடம் ஒதுக்குங்கள்.

நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஆப்பிரிக்கா பற்றி வருகிற செய்திகள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. எலும்பும் தோலுமாக ஒரு குழந்தையின் படம், "கடவுள் நமக்கு எவ்வளவு கொடுத்திருக்கிறார் பாருங்கள்" என்று ஒரு வரி, அதன் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். இரக்கம் நல்ல குணம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கண்டத்தில் அண்மையில் நடந்த மருத்துவ ஆய்வுகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். படிக்கப் படிக்க ஒன்று உறுதியாகிறது. ஆப்பிரிக்க மக்களுக்கு உலகம் கடன்பட்டிருக்கிறது. அந்த உலகத்தில் நீங்களும் நானும் உண்டு. மூன்று உதாரணம் சொல்கிறேன்.

முதலாவது, பிரசவம். குழந்தை பிறந்த பிறகு அளவுக்கு மீறி இரத்தம் போய், உலகில் ஆண்டுதோறும் பல்லாயிரம் பெண்கள் இறக்கிறார்கள். "பிரசவத்திலேயே போய்விட்டாள்" என்று பெயர் மட்டும் மிஞ்சிய ஒரு பாட்டியோ பெரியம்மாவோ நம் குடும்பங்களிலும் உண்டு. இரத்தப்போக்கை நிறுத்தும் மருந்துகள் பல ஆண்டுகளாகவே கையில் இருக்கின்றன. பிறகும் ஏன் சாவு? எவ்வளவு இரத்தம் போனது என்பதைக் கண்ணால் பார்த்தே மதிப்பிட்டார்கள். துணியிலும் தரையிலும் பரவிய இரத்தத்தைக் கண் குறைத்தே கணக்கிடும். ஆபத்து புரிவதற்குள் நேரம் கடந்துவிடும். அதற்குப் பிறகும் ஒரு மருந்தைக் கொடுத்துப் பார்ப்பது, கேட்கவில்லை என்றால் அடுத்ததைக் கொடுப்பது என்று மேலும் தாமதம்.

கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய 4 நாடுகளில் 80 மருத்துவமனைகள், 2 லட்சத்துக்கும் அதிகமான தாய்மார்கள். இவர்களிடம் நடந்த ஆய்வு 2023 மே மாதம் வெளியானது. அதில் செய்தது பெரிய விஞ்ஞான வித்தை ஒன்றுமில்லை. அளவுக்கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் விரிப்பைத் தாய்க்குக் கீழே விரித்தார்கள். இரத்தம் அதிலுள்ள பையில் சேரும். கோட்டைத் தொட்டால் உடனே கருப்பையைத் தேய்த்துவிடுவது, ஊசி மருந்துகள், குளுக்கோஸ் பாட்டில் போல நரம்பில் ஏற்றும் திரவம், காரணத்தைத் தேடும் பரிசோதனை எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்தார்கள். பழைய முறையில் இரத்தப்போக்கு வந்தவர்களில் பாதிப் பேரைத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. புதிய முறையில் 93 சதவீதம். ஒரு லிட்டரும் அதற்கு மேலும் இரத்தம் இழந்தவர்கள், அதற்காக வயிற்றைத் திறக்க வேண்டி வந்தவர்கள், இறந்தவர்கள் எல்லாரையும் சேர்த்த கணக்கு 4.3 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதமாக இறங்கியது. அதே ஆண்டின் கடைசியில் உலக சுகாதார நிறுவனம் இதையே பரிந்துரையாக்கியது.

இப்படி ஒரு விரிப்பை வைத்து இரத்தத்தை அளந்து பார்த்த ஆய்வு 2000-களிலேயே கர்நாடகத்தின் பெல்காமில் நடந்தது. நம் பக்கத்து மாநிலத்தில் முளைத்ததுதான். அதை மற்ற சிகிச்சைகளோடு சேர்த்து, 2 லட்சம் பிரசவங்களில் சோதித்து, உயிர் காக்கும் என்று நிரூபித்துக் கொடுத்தவர்கள் ஆப்பிரிக்கத் தாய்மார்களும் செவிலியர்களும். இனி உலகின் எந்த மூலையில் பிரசவம் நடந்தாலும் அந்த அறிவு உதவும்.

இரண்டாவது, எச்.ஐ.வி. தடுப்பு. தினம் ஒரு மாத்திரை சாப்பிட்டால் தொற்று வராமல் தடுக்கலாம் என்பது முன்பே தெரியும். தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே நாடுகளில் 5,029 பெண்களிடம் மாத்திரையையும் ஒரு ஜெல் மருந்தையும் சோதித்த முடிவு 2015-ல் வெளியானது. பலன் இல்லை. 90 சதவீதம் ஒழுங்காகப் பயன்படுத்தியதாகப் பெண்கள் சொன்னார்கள். இரத்தத்தைச் சோதித்தால் 30 சதவீத மாதிரிகளில்கூட மருந்து இல்லை.

"எல்லாம் படித்துவிட்டேன் சார்" என்று சொல்லிவிட்டு வெறும் தாளை நீட்டிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். அடித்துக் கேட்டால் பதில் வராது, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் வரும். இங்கும் பக்கத்தில் உட்கார்ந்துதான் கேட்டார்கள். வீட்டில் மாத்திரை டப்பா இருந்தால், ஏற்கெனவே நோய் இருக்கிறது என்று ஊர் பேசும். துணைவன் சந்தேகப்படுவான். நோயில்லாதபோது தினமும் மருந்து எதற்கு என்ற தயக்கமும் இருந்தது. அந்தப் பெண்களின் வாழ்க்கைக்கு மாத்திரை பொருந்தவில்லை.

அடுத்து வந்ததுதான் ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் லெனகாபவிர் ஊசி. யாருக்கும் தெரியாமல் போட்டுக்கொண்டு வரலாம். தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 16 முதல் 25 வயதுவரை உள்ள பெண்கள் 5,300-க்கும் அதிகமானோர் ஆய்வில் சேர்ந்தார்கள். கேப்டவுனைச் சேர்ந்த மருத்துவர் லிண்டா-கெயில் பெக்கர் 2024 ஜூலையில் மியூனிக் மாநாட்டில் முடிவை அறிவித்தார். ஊசி போட்ட 2,134 பேரில் ஒருவருக்குக்கூடத் தொற்று இல்லை. இருவகை மாத்திரை கொடுக்கப்பட்டவர்களில், ஒரு வகையில் 2,136 பேரில் 39 பேருக்கும் மற்றதில் 1,068 பேரில் 16 பேருக்கும் தொற்று வந்தது. எச்.ஐ.வி. வரலாற்றில் இது சாதாரண எண் இல்லை.

மூன்றாவது, மலேரியா. 2023-ல் மட்டும் ஏறத்தாழ 5,97,000 பேர் இறந்தார்கள். அவர்களில் 95 சதவீதம் ஆப்பிரிக்கர்கள், பெரும்பாலும் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். முதல் தடுப்பூசி 2019 முதல் கானா, கென்யா, மலாவி நாடுகளில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் போடப்பட்டது. போடும் வயதில் இருந்த குழந்தைகளின் இறப்பு 13 சதவீதம் குறைந்தது. இரண்டாவது தடுப்பூசியான ஆர்21, புர்கினா ஃபாசோ, மாலி, கென்யா, தான்சானியா நாடுகளில் சோதிக்கப்பட்டது. அதில் பெரிய பங்கு வகித்தவர் புர்கினா ஃபாசோவின் நானோரோ என்ற சிற்றூரில் ஆய்வு மையம் நடத்தும் ஹாலிடு டின்டோ. ஊசி தயாராவது நம் புனேயில், சீரம் நிறுவனத்தில்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்படியானால் எல்லாம் நன்றாகத்தானே நடக்கிறது" என்று நினைத்துவிடாதீர்கள். நைஜீரியாவின் கானோ நகரத்தில் 1996-ல் மூளைக்காய்ச்சல் பரவியபோது, ஒரு பன்னாட்டு மருந்து நிறுவனம் சுமார் 200 குழந்தைகளை வைத்து ஒரு சோதனை நடத்தியது. பாதிப் பேருக்குப் புதிய மருந்து, மீதிப் பேருக்குப் பழைய மருந்து. 11 குழந்தைகள் இறந்தார்கள். நோயால்தான் இறந்தார்கள் என்றது நிறுவனம். எங்களிடம் முறையாகச் சம்மதம் கேட்கவே இல்லை என்றார்கள் பெற்றோர்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்து, 2009-ல் கானோ மாநில அரசோடு 7.5 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது.

அதோடு முடியவில்லை. 2003-ல் கானோ உள்ளிட்ட வட மாநிலங்களில் போலியோ சொட்டு மருந்தை மாதக்கணக்கில் நிறுத்திவைத்தார்கள். அந்த மறுப்புக்குக் காரணங்கள் பல, அவற்றில் 1996-ன் காயமும் ஒன்று. நைஜீரியாவில் கிளம்பிய கிருமி இந்தோனேசியா வரை போனது. ஒரு ஊரில் நம்பிக்கையை உடைத்தால் அதன் விலையை வேறொரு கண்டத்துக் குழந்தையும் கொடுக்க வேண்டியிருக்கிறது. பிரசவ ஆய்வின் நைஜீரியப் பகுதியை நடத்திய பேராசிரியர் ஹதிஸா கலடன்சி அதே கானோவைச் சேர்ந்தவர். உடைந்த நம்பிக்கையை உள்ளூர் ஆட்கள்தான் திரும்பக் கட்ட முடியும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம். தென்னாப்பிரிக்காவின் சான் பழங்குடி மக்கள் 2017-ல், தங்களிடம் ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு விதிமுறையே எழுதிக் கொடுத்தார்கள். மரியாதை, நேர்மை, நியாயம், அக்கறை, உரிய நடைமுறை. எந்தப் பள்ளிச் சுவரிலும் எழுதிவைக்கலாம்.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். லெனகாபவிர் ஊசிக்கு 2025 ஜூனில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோது அங்கே அறிவித்த விலை ஆண்டுக்கு 28,218 டாலர். நம் கணக்கில் சுமார் 24 லட்சம் ரூபாய். 120 நாடுகளுக்காக மலிவாகத் தயாரிக்க வேறு நிறுவனங்களுக்கும் உரிமம் கொடுத்திருக்கிறார்கள். ஹைதராபாத்தின் இரண்டு நிறுவனங்கள் 2027 முதல் ஆண்டுக்கு 40 டாலருக்குத் தருவதாக ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. நல்ல செய்திதான். ஆனால் ஊசி வேலை செய்கிறது என்று உலகத்துக்குத் தெரிந்தது 2024-ல். அதை நிரூபித்த பெண்களின் தங்கைகள் மலிவு மருந்துக்காக மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும். இதற்கிடையில் 2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியது. தென்னாப்பிரிக்காவின் தலைமையில் பல ஆப்பிரிக்க நாடுகள் சேர்ந்து தொடங்கவிருந்த எச்.ஐ.வி. தடுப்பூசி ஆய்வுக்குப் பணம் நின்று போனது.

"முதல் போட்டவன் நிறுவனக்காரன், விலையை அவன்தானே வைப்பான்" என்று நம் பிள்ளைகளில் வணிகம் படித்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. விதையும் நிலமும் ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது என்றால் களத்துமேட்டில் இருவருக்கும் பங்கு உண்டு. இது நம் ஊர் வழக்கம். பணம் ஒரு முதல் என்றால், சோதனைக்கு நீட்டிய கையும் ஒரு முதல். ஆகவே ஒரு ஆய்வு தொடங்கும்போதே, மருந்து வெற்றி பெற்றால் இந்த ஊர் மக்களுக்கு எந்த ஆண்டு, என்ன விலையில் கிடைக்கும் என்பதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வெற்றி பெற்ற பிறகு கருணை காட்டுவது போதாது.

உங்களில் சிலர் மருந்துக் கம்பெனிகளில் இருக்கிறீர்கள். சிலர் நைரோபியிலும் தார் எஸ் சலாமிலும் வேலை பார்க்கிறீர்கள். மருத்துவம் படிக்கிற பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒரு மருந்தின் பெயரைப் படிக்கும்போது, அது யாருடைய உடம்பில் சோதிக்கப்பட்டது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். அடுத்த முறை அந்த எலும்பும் தோலுமான படம் வந்தால், அதோடு இந்த 2 லட்சம் தாய்மார்களின் கதையையும் சேர்த்து அனுப்புங்கள்.

பிரசவ வார்டில் வேலை பார்க்கும் என் மாணவிகளுக்கு ஒரு கேள்வி. அந்த அளவுக்கோடு போட்ட விரிப்பு உங்கள் மருத்துவமனைக்கு வந்துவிட்டதா? வந்திருந்தால் எப்படிப் பயன்படுகிறது, வரவில்லை என்றால் யாரிடம் கேட்க வேண்டும் என்பதைக் கீழே எழுதுங்கள். மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்