525 மடங்கு எதுக்கு?

மாசத்துக்கு ஒரு ஜூனியராவது ஆன்லைன் லிங்க் அனுப்பிக் கேட்கிறாங்க, "அண்ணா, முதல் டெலஸ்கோப்பா இதை வாங்கலாமா?" பெட்டி மேல சனிக்கோள் படம். பக்கத்துல கொட்டை எழுத்தில் "525 மடங்கு".

வாங்காதீங்க.

அந்த 525 எப்படி வருதுன்னு பாருங்க. குழாயின் குவியத்தூரம் 700 மி.மீ. அதை 4 மி.மீ. ஐபீஸால் வகுத்தா 175. மூணு மடங்கு பார்லோ லென்ஸ் சேர்த்தா 525. கணக்கு சரிதான். ஆனா லென்ஸ் விட்டம் வெறும் 70 மி.மீ. விட்டத்தைப் போல இரண்டு மடங்கு, அதாவது சுமார் 140 வரைக்கும்தான் உருப்படியா தெரியும். அதுக்கு மேல போறது, போன்ல டிஜிட்டல் ஜூம் பண்ற மாதிரி. மங்கலையே பெருசாக்குறோம்.

இரண்டாம் வருஷத்துல நானும் இப்படி ஒண்ணு வாங்கி ஏமாந்தவன்தான். லென்ஸைவிட பெரிய கொடுமை ட்ரைபாட். மொட்டைமாடியில லேசா காத்தடிச்சா வியாழன் தவளை மாதிரி குதிக்கும். ஃபோகஸ் திருகைத் தொட்டா ஆட்டம் நிக்கவே நேரமாகும், அதுக்குள்ள பூமி சுத்துறதுல கோள் ஓரமா நழுவிடும். மூணே ராத்திரி, அப்புறம் அது பீரோ மேல ஏறிடுச்சு. காசு போனதுகூடப் பரவாயில்லை. "வானத்துல பார்க்க ஒண்ணுமில்லடா"ன்னு ரூம்மேட் முடிவு பண்ணிட்டான், அதுதான் இன்னும் உறுத்துது.

கலிலியோ 1610 ஜனவரியில வியாழனின் நிலவுகளைக் கண்டுபிடிச்சதே சுமார் 20 மடங்கு குழாயில்தான். அதனால, முதல்ல 10x50 பைனாகுலர் வாங்குங்க. 10 மடங்கு, 50 மி.மீ. லென்ஸ். கார்த்திகை நட்சத்திரக் கூட்டம், ஓரியன் நெபுலா, நிலாவின் பள்ளங்கள் எல்லாம் தெரியும். முழங்கையை கைப்பிடிச் சுவர்ல ஊன்றிப் பிடிச்சா வியாழனின் நிலவுகளும் கிடைக்கும். சனியின் வளையம் மட்டும் தெரியாது, அதையும் சொல்லிடறேன்.

வளையம் பார்த்தே ஆகணும்னா நாலு பேர் பங்கு போட்டு 6 அங்குல டாப்சோனியன் வாங்குங்க. ட்ரைபாடே கிடையாது, மரப்பெட்டியில உட்காரும் குழாய், ஆடாது. இதைப் பரப்பின ஜான் டாப்சன், சான் பிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்துல துறவியா இருந்தவர். பழைய கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேய்ச்சு டெலஸ்கோப் பண்ணினார். நம்ம மெக்கானிக்கல் பசங்க கவனிக்க!

அக்டோபர்ல வாங்கிட்டு மழையைத் திட்டாதீங்க, ஜனவரி வரைக்கும் பொறுங்க. லென்ஸ்ல பூஞ்சை பிடிக்காம சிலிக்கா ஜெல் போட்டு வைங்க.

போன ஜனவரியில ரூம்மேட்டை மாடிக்கு இழுத்துட்டுப் போய் பைனாகுலரைக் கையில கொடுத்தேன். இன்னும் திருப்பித் தரலை.